மழைமானியின் சாட்சியம்

பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பேசும் எந்த அரங்கிலும் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை." காப்பீட்டில் சேருவோர் தொகை குறைந்தால் விழிப்புணர்வு இல்லை. சேர்ந்தவர் அடுத்த ஆண்டு விலகினாலும் விழிப்புணர்வு இல்லை. இழப்பீடு வரவில்லை என்று சாலையில் அமர்ந்தால், விதிமுறைகள் பற்றிய விழிப்புணர்வு இல்லை. திட்டம் எத்தனை முறை பெயர் மாறினாலும் இந்த வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. இது ஓர் அவதூறு என்பதையும், இந்த அவதூறுக்குப் பின்னால் ஓர் உண்மையான கேள்வி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கதையும் கவிதையும் பேசும் இடத்தில் காப்பீட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காப்பீட்டு ஒப்பந்தமும் ஒரு பிரதியே என்பது எங்கள் விடை. யாருடைய வாழ்வு அதில் பணயமாக வைக்கப்பட்டிருக்கிறதோ அவரால் வாசிக்க முடியாதபடி எழுதப்பட்ட பிரதி அது. ஒரு பிரதி வாசகனைச் சென்றடையாதபோது வாசகனையே குற்றம் சொல்லும் வழக்கத்தை இலக்கியத்தில் நாம் ஏற்பதில்லை. வேளாண்மையில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

* * *

முதலில் இந்தக் கருத்தின் வரலாறு. மழை அளவை வைத்தே விவசாயிக்கு இழப்பீடு தரலாம் என்னும் யோசனை உலக வங்கியின் அலுவலகத்தில் பிறந்ததன்று. மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய ஜே. எஸ். சக்கரவர்த்தி இந்திய நிலைமைக்குப் பொருத்தமான வேளாண் காப்பீடு குறித்து 1920இல் ஒரு நூலே எழுதினார். ஒவ்வொரு வயலையும் சென்று பார்த்து இழப்பை மதிப்பிடுவது இயலாத காரியம். ஆகவே மழையை அளந்து அதன் குறைவுக்கேற்பப் பணம் தரலாம் என்பது அவர் முன்வைத்த வழி. நூறாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அந்த வழி நெடுங்காலம் தாளிலேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் நாம் வேறு பாதையில் சென்றோம். 1979இல் பேராசிரியர் தண்டேகரின் பரிந்துரைப்படி ஒரு வட்டாரத்தின் சராசரி மகசூலை அளவுகோலாகக் கொள்ளும் முன்னோடித் திட்டம் வந்தது. அதன் வழியில் 1985இல் ஒருங்கிணைந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டமும், 1999இல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கணக்கு முடித்து, பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த பட்டமும் முடிந்திருக்கும் என்பது இத்திட்டங்களின் மீதான நியாயமான குறை. 2003இல் இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டத்தில், நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட இருநூற்றுச் சொச்சம் விவசாயிகளுக்கு ஐசிஐசிஐ லொம்பார்ட் நிறுவனமும் பேசிக்ஸ் என்னும் குறுநிதி நிறுவனமும் உலக வங்கியின் தொழில்நுட்ப உதவியோடு மழைக் காப்பீட்டை விற்றபோது சக்கரவர்த்தியின் யோசனை உயிர்பெற்றது. 2007இல் அரசே வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டைத் தொடங்கியது. 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, அதன் அருகிலேயே இதுவும் மறுசீரமைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது.

இதன் தருக்கம் எளிமையானது, அழகானதும்கூட. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். பயிர் பூக்கும் நாற்பது நாளில் 100 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இழப்பீடு தொடங்கும், 40 மில்லிமீட்டரில் முழுத் தொகையும் கிடைக்கும், முழுத் தொகை 10,000 ரூபாய் என்று ஒப்பந்தம் சொல்கிறது. மழைமானி 70 காட்டினால் விவசாயிக்கு 5,000 ரூபாய். யாரும் வயலுக்கு வரவேண்டியதில்லை. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பொய்க் கணக்குக்கும் இடமில்லை. விவசாயி சோம்பியிருந்தாலும் உழைத்தாலும் மழைமானி அதே எண்ணைத்தான் சொல்லும். ஆகவே காப்பீடு கிடைக்குமென்று பயிரைக் கைவிடுவார் என்ற அச்சமும் இல்லை.

ஆனால் இந்த அழகுக்குக் கொடுக்கும் விலையும் இதிலேயே இருக்கிறது. வயலை விசாரணையிலிருந்து விலக்கிவிட்டோம். இனி வழக்கில் ஒரே சாட்சி மழைமானிதான். அந்தச் சாட்சி சம்பவ இடத்தில் இருந்ததா என்பதைக் கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை.

* * *

வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்களுக்கு மழை ஒரே சீராகப் பெய்வதில்லை என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கண்மாய்க் கரையில் கொட்டித் தீர்த்த மழை அடுத்த கண்மாயை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பல கிலோமீட்டர் தொலைவில், வேறோர் ஊரின் அலுவலக வளாகத்தில் நிற்கும் கருவி நம் வயலுக்காகச் சாட்சி சொல்லும்போது இரண்டு விதமான அநீதி நிகழலாம். வயல் காய்ந்து கருவி நனைந்தால், இழந்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது. வயல் நனைந்து கருவி காய்ந்தால், இழக்காதவனுக்குப் பணம் வரும். துறையினர் இதை 'அடிப்படை இடர்' என்று அழைக்கிறார்கள். முதல் வகை அநீதிக்கு ஆளான விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள். காப்பீடு செய்யாதவன் பயிரை மட்டும் இழந்தான்; இவனோ பயிரையும் கட்டிய பிரீமியத்தையும் சேர்த்து இழந்தான். காப்பீடு அவனது கெட்ட ஆண்டை மேலும் கெட்டதாக்கிவிட்டது. இந்தியாவின் வானிலைக் காப்பீட்டு ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2012இல் உலக வங்கியின் ஆய்வாளர்களே வெளியிட்ட ஆய்வு, இழப்பீட்டுக்கும் உண்மையான மகசூல் இழப்புக்கும் இடையிலான தொடர்பு மிகப் பலவீனமானது என்று காட்டியது.

தொலைவு மட்டுமே குறை என்றால் இன்னும் நாலு கருவி நட்டுச் சரிசெய்துவிடலாம். மொழியின் குறையும் இருக்கிறது. உழவர் மழையை 'ஓர் உழவு மழை' என்று அளக்கிறார். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா என்பதே அவருடைய அளவு. கோடைமழை, ஆடிச் சாரல், ஐப்பசி அடைமழை என்று பெயர் மாறும்போது பயனும் மாறுகிறது. வானிலைத் துறையின் கணக்கிலோ ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால் அது மழைநாளே அன்று. இது அறிவியலுக்கு வேண்டிய வரையறை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் மொத்த அளவை மட்டும் பார்க்கும் கணக்கு காலத்தைத் தவறவிடும். 2021 ஜனவரியில் தமிழகத்தில் அம்மாதத்தின் இயல்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் மழை கொட்டியது. அறுவடைக்கு நின்ற சம்பா நெல் காவிரிப் படுகையில் சாய்ந்து முளைவிட்டது. நடவுக்காலத்தில் வரமாக இருந்திருக்கும் நீர் அறுவடைக்காலத்தில் சாபமாயிற்று. எத்தனை பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதுதான் கேள்வி. காலநிலை மாற்றம் குலைப்பதும் முதன்மையாக இந்த 'எப்போது' என்பதைத்தான்.

இதைவிடக் கொடிய முரண் ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. மலாவி நாட்டு அரசு வறட்சிக்கு எதிராக 47 லட்சம் டாலர் அளவுக்குப் பிரீமியம் செலுத்தி ஆப்பிரிக்க இடர்காப்பு அமைப்பிடம் காப்பீடு செய்திருந்தது. 2015-16இல் கடும் வறட்சி; அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவை என்று அரசு அறிவித்தது. காப்பீட்டின் கணினி மாதிரியோ இழப்பீடு தருமளவுக்குப் பாதிப்பே இல்லை என்றது. காரணம் தேடியபோது தெரியவந்தது இது: மாதிரி, நீண்டகால மக்காச்சோள ரகத்தை விவசாயிகள் பயிரிடுவதாக எண்ணிக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குறுகியகால ரகத்துக்கு மாறியிருந்தனர். மழைக்காலம் சுருங்குவதைக் கண்டு விவசாயி தன் போக்கில் தகவமைத்துக்கொண்டார். தகவமைப்புக்கு உதவுவதாகச் சொன்ன கருவிக்கோ அந்தச் செய்தி எட்டவில்லை. கணக்கைத் திருத்திய பின், 2017 ஜனவரியில் 81 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. பசித்தவர்களுக்கு அது மிகவும் பிந்தி வந்த பணம்.

இங்கே விழிப்புணர்வு இல்லாதிருந்தது யாரிடம்?

* * *

இப்போது அவதூறுக்குத் திரும்புவோம். விவசாயி காப்பீடு வாங்காததற்கு அறியாமையே காரணமென்றால், அறிந்தவர்கள் வாங்கியிருக்க வேண்டும். ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன. ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீட்டை ஆராய்ந்து கோல் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, விற்பவர் மீது நம்பிக்கையின்மை, விதைக்கும் காலத்தில் கையில் காசின்மை ஆகியவற்றை முக்கியமான தடைகளாகக் காட்டியது. இரண்டும் அறியாமையின் பெயர்கள் அல்ல.

கென்யாவில் கரும்பு விவசாயிகளிடையே கசபுரி, வில்லிஸ் ஆகிய இருவர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பிரீமியத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னபோது 5 விழுக்காட்டினரே காப்பீடு எடுத்தனர். அதே காப்பீட்டுக்கு அறுவடைப் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றபோது 72 விழுக்காட்டினர் எடுத்தனர். அதே மக்கள், அதே காப்பீடு. பணம் கேட்ட நேரம்தான் வேறு. விழிப்புணர்வு முகாம் நடத்தி இந்த வேறுபாட்டை உண்டாக்க எத்தனை பந்தல் போட வேண்டியிருக்கும்?

விதை, உரம், உழவுக்கூலி என்று எல்லாக் கைகளும் நீளும் மாதத்தில்தான் காப்பீட்டின் கையும் நீள்கிறது. நம் நாட்டில் விவசாயி செலுத்தும் பங்கு காரீப் பருவ உணவுப் பயிருக்குக் காப்புத்தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 என்று 2016 முதல் வரையறுக்கப்பட்டுள்ளது. மீதியை அரசுகள் ஏற்கின்றன. இது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாநில அரசுகளின் பங்கு தாமதமாகும்போதெல்லாம் இழப்பீடும் தாமதமாகிறது. மழைமானி உடனே சாட்சி சொல்லிவிட்டது. தீர்ப்பு மட்டும் கோப்பில் தூங்குகிறது. வேகம் என்பதே இந்த முறையின் பெருமை. அதையும் இழந்தபின் எஞ்சுவது என்ன?

2020 வரை, பயிர்க்கடன் வாங்கியவர் காப்பீட்டிலிருந்து விலக முடியாது. கடன்தொகையிலேயே பிரீமியம் பிடிக்கப்பட்டது. அவ்வாறு பிடிக்கப்பட்டதே தெரியாதவர்கள் இருந்தார்கள் என்றால், அது அவர்களது அறியாமையா, அல்லது அவர்களிடம் சொல்லாதவர்களின் அலட்சியமா?

* * *

சரி, காப்பீடு ஒழுங்காக இயங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். காலநிலை மாற்றத்துக்குத் தகவமைய அது உதவுமா? உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வடக்கு கானாவில் மழைக் காப்பீடு பெற்ற விவசாயிகள் தம் நிலத்தில் கூடுதலாகச் செலவிட்டனர் என்று கார்லன் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கையில் பணமில்லாததைவிட வானத்தின் மீதான அச்சமே அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. அச்சம் நீங்கியதும் பணத்துக்கு அவர்களே வழி கண்டனர். ஏழை விவசாயி துணிவதில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். விழுந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லாதவர் எப்படித் துணிவார்?

ஆனால் இதன் மறுபக்கம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முபாரக், ரோசென்ஸ்வெய்க் என்னும் இரு பொருளியலாளர்கள் தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மழைக் காப்பீட்டை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டில் காப்பீடு கிடைத்த நெல் விவசாயிகள், வறட்சியைத் தாங்கும் ரகங்களைக் குறைத்து, அதிக மகசூல் தந்தாலும் வறட்சியைத் தாங்காத ரகங்களை நாடினார்கள். விவசாயியின் நோக்கில் இது முற்றிலும் அறிவார்ந்த முடிவு. மழை பொய்த்தால் காப்பீடு இருக்கிறது. பெய்தால் கூடுதல் விளைச்சல். ஆயினும் வறட்சி பெருகும் என்று எச்சரிக்கப்படும் காலத்தில், வறட்சியைத் தாங்கும் விதை வயலைவிட்டு வெளியேறுவதைத் தகவமைப்பு என்று நாம் அழைக்கலாமா?

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது. நில உடைமையாளருக்கு மட்டும் காப்பீடு கிடைத்து அவர் மழையை நம்பிக் கூடுதலாகத் துணியும்போது, நல்ல ஆண்டில் வேலையும் கூலியும் கூடும். மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் முன்னைவிடக் கடுமையாகச் சரியும். உடைமையாளருக்கு இழப்பீடு வரும். நாற்று நட வந்தவருக்கும் களை பறிக்க வந்தவருக்கும்? அவர்கள் பெயர் எந்தப் பாலிசியிலும் இல்லை. வானத்தின் சுமை குறையவில்லை. வரப்பிலிருந்து இறங்கிக் கூலியாளின் தலைக்கு மாறியது, அவ்வளவே. நிலமற்ற தொழிலாளருக்கும் மழைக் காப்பீடு விற்க முடியும் என்பதையும் அதே ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். செய்ய முடியாதது அன்று அது. செய்ய யாரும் நினைக்காதது.

குத்தகைதாரர் நிலையும் இதுவே. திட்ட விதிகளின்படி அவரும் சேரலாம். ஆனால் சிட்டாவில் அவர் பெயர் இல்லை. அடங்கலில் பதிவு வேண்டும். நில உரிமையாளர் ஒரு வார்த்தை எழுதித்தர வேண்டும். எழுத்தில் தந்தால் நாளை நிலத்தில் உரிமை கோருவாரோ என்ற அச்சத்தில் பலர் தருவதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. வாய்மொழிக் குத்தகை இன்றும் வாய்மொழியாகவே தொடர்கிறது. பயிரிடுபவர் ஒருவர், பயிருக்கு இழப்பீடு பெறுபவர் வேறொருவர் என்ற நிலையில் விழிப்புணர்வு முகாமில் யாருக்கு என்ன கற்பிப்பது?

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஆக, காப்பீடே ஏமாற்று வேலை, நிறுவனங்களின் கொள்ளை, ஒழிக" என்று முழங்குவோரோடு எங்களைச் சேர்த்துவிட வேண்டாம். அந்த முழக்கம் கேட்க இனிது. ஒரு கேள்விக்கு மட்டும் அதனிடம் விடையில்லை. கைமாற்றும் மொய்யும் உறவும் ஒரு குடும்பத்தின் துன்பத்தைத் தாங்கும். ஊரே ஒரே நாளில் வாடும்போது யார் யாருக்குக் கைமாற்றுத் தருவது? 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் வெள்ளம் பார்த்தோம். இத்தகைய ஆண்டில் கடன் கொடுக்கும் அண்டை வீட்டுக்காரரும் அடகுக்கடை வாசலில் நிற்கிறார். துன்பத்தை ஊருக்கு வெளியே, மாவட்டத்துக்கு வெளியே, நாட்டுக்கு வெளியேயும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும். அதன் பெயர் காப்பீடுதான். தேர்தலுக்கு முன் தள்ளுபடியும் வெள்ளத்துக்குப் பின் நிவாரணமும் அரசின் கருணையைப் பொறுத்தவை. ஒப்பந்தம் உரிமை. கருணையைவிட உரிமை மேல் என்பதால்தான் அந்த ஒப்பந்தம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று வாதிடுகிறோம்.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு சாகுபடிப் பிடியின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கரும் நிறையாத இந்த நிலத்தை வைத்திருப்பவருக்கு ஒரு தவறான மழைக்கணக்கு என்பது ஓர் ஆண்டுப் பள்ளிக்கட்டணம், அல்லது ஒரு ஜோடி மாடு.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

ஊராட்சிதோறும் மழைமானி. 2023இல் அறிவிக்கப்பட்ட விண்ட்ஸ் திட்டம் வட்டாரத்துக்கொரு தானியங்கி வானிலை நிலையமும் ஊராட்சிக்கொரு மழைமானியும் நிறுவுவதை இலக்காகக் கொண்டது. 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை, பயிர்க் காப்பீட்டில் தொழில்நுட்பத்துக்கென 824.77 கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் கருவி நடுவதோடு வேலை முடியாது. அது காட்டும் எண் அன்றன்றைக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். சாட்சியின் வாக்குமூலத்தை வழக்காளி வாசிக்க முடியாத வழக்கு வழக்கே அன்று.

டெர்ம் ஷீட் எனப்படும் நிபந்தனைத் தாள் நல்ல தமிழில், ஒரே பக்கத்தில். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு ரூபாய், எந்த ஊர்க் கருவி: இவ்வளவுதான் வேண்டும். இதை எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் இல்லையா என்ன?

கருவியும் வயலும் முரண்படும்போது வயலுக்கும் ஒரு வாய்ப்பு. ஊரே காய்ந்திருக்க மழைமானி மட்டும் நனைந்திருந்தால், மாதிரிக்குச் சில வயல்களை அறுத்துப் பார்த்து உண்மையறியும் மேல்முறையீடு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பிரீமியம் அறுவடையில். நெல்லும் கரும்பும் பருத்தியும் விற்பனைக்கு வரும் இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். விதைப்பில் கேட்கக் கூடாது.

குத்தகைதாரர் பெயர் அடங்கலில். கூலித் தொழிலாளருக்குத் தனிக் காப்பீடு. அதன் பிரீமியம் அரசின் பொறுப்பு.

கடைசியாக, காப்பீட்டைக் காட்டிக் கண்மாயை மறக்கக் கூடாது. தூர்வாரிய ஏரி, காய்ச்சலைத் தாங்கும் விதை, நிழல் தரும் மரம், ஈரம் காக்கும் மண் ஆகியவை இழப்பையே குறைப்பவை. காப்பீடு இழந்தபின் ஈடு தருவது. இரண்டும் வேண்டும். ஆனால் முன்னதற்கான பணத்தைப் பின்னதற்குத் திருப்பிவிட்டு அதற்குத் தகவமைப்பு என்று பெயர் சூட்டினால், மலாவியின் கணினியைப் போல நாமும் இல்லாத பயிருக்குக் கணக்கெழுதிக்கொண்டிருப்போம்.

இவற்றைச் செய்து முடித்த பிறகும் விவசாயி காப்பீடு வாங்க மறுத்தால், அப்போது முகாம் போடட்டும். விழிப்புணர்வு பற்றிப் பேசட்டும். அதுவரை, வாங்காமல் விலகி நிற்கும் விவசாயி அறியாதவர் அல்லர். தன் வயலைப் பார்த்தேயிராத சாட்சியை நம்ப மறுப்பவர். நீதிமன்றத்தில் அதற்குப் பெயர் அறியாமை இல்லை, குறுக்கு விசாரணை.